36 வீடுகளுக்கு 30 ஆண்டுகள்

விதியில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை, எந்த இனத்தின் பெயரும் இல்லை. அப்படியானால் அது யாரையும் விலக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளலாமா? மனை அளவு, கட்டடப் பரப்பு, நிலப்பயன்பாடு என்று பேச்சு வந்தாலே "இது தொழில்நுட்ப விஷயம், இதில் சமூகநீதிக்கு என்ன வேலை?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்காவின் மவுண்ட் லாரல் கதையைச் சொல்லலாம்.

நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகில் இருக்கிறது மவுண்ட் லாரல். 1950இல் அதன் மக்கள்தொகை 2,817. நெடுஞ்சாலைகள் வந்தன, வீட்டுமனைகள் வந்தன, 1970இல் அது 11,221 ஆனது. ஆனால் புதியவர்கள் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே அங்கே பண்ணைகளில் உழைத்து வாழ்ந்தவர்கள் கறுப்பின மக்கள். ஸ்பிரிங்வில் பகுதியில் பலர், பழைய கோழிக்கொட்டகைகளையே வீடுகளாக மாற்றிக் குடியிருந்தார்கள். உள்ளாட்சி அவற்றை வசிக்கத் தகுதியற்றவை என்று அறிவித்துக் காலி செய்ய வைத்தது. மாற்று வீடு தரவில்லை. (நம் ஊரில் மாற்று வீடு என்று தருகிறார்கள்தான். வேலையும் பள்ளியும் எட்டாத தூரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்தைப் போய்ப் பாருங்கள்.)

எதெல் லாரன்ஸ் என்ற பெண்ணும் அவரோடு சேர்ந்தவர்களும் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. 36 அடுக்ககக் குடியிருப்புகள் கட்ட வேண்டும், அதற்கேற்ப உள்ளாட்சி மன்றம் நிலப்பயன்பாட்டு விதியை மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான். 1970 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின மக்களின் தேவாலயத்துக்கே வந்து மேயர் பதில் சொன்னார். இந்த ஊரில் வாழ உங்களுக்கு வசதியில்லை என்றால் நீங்கள் வெளியேற வேண்டியதுதான் என்பது அந்தப் பதிலின் சாரம். பத்து தலைமுறை இருந்தாலும் ஊர் உன்னுடையதல்ல என்ற இந்தப் பேச்சுக்கு நமக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

சரி, அந்த விதியில் அப்படி என்ன இருந்தது? தனி வீடு மட்டுமே கட்டலாம், ஒரு மனைக்கு ஒரு வீடு. ஊரின் பாதி நிலத்தில் மனையின் குறைந்தபட்ச அளவு ஏறக்குறைய 20,000 சதுர அடி, நம் கணக்கில் 46 சென்ட். மற்ற இடங்களில் மனை சிறியதுதான், ஆனாலும் வீடு 1,100 சதுர அடிக்குக் குறையக் கூடாது. 4,000 ஏக்கருக்கு மேல் தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள், அதில் உண்மையில் தொழிற்சாலை இருந்தது சுமார் 100 ஏக்கரில். மீதி சும்மா கிடந்தது. திட்டமிட்ட பெருங்குடியிருப்புகளில் மட்டும் அடுக்ககங்களை அனுமதித்தார்கள், அங்கேயும் படுக்கையறைகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு. காரணம், குழந்தைகள் வந்துவிடக் கூடாது! அங்கே பள்ளிகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்துவரியில் நடப்பவை. தொழிற்சாலை வந்தால் வரி வரும், ஏழைக் குடும்பம் வந்தால் பிள்ளைகள்தான் வருவார்கள். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு.

இனத்தின் பெயரைச் சொல்லிக் குடியிருப்பைப் பிரிக்கும் விதிகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917லேயே ரத்து செய்துவிட்டது. லூயிவில் நகரம் போட்ட விதிக்கு எதிரான வழக்கு அது. 1926இல் அதே நீதிமன்றம், யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில், பொதுவான நிலப்பயன்பாட்டு விதிகள் செல்லும் என்றது. முன்வாசல் மூடியது, பக்கவாசல் திறந்தது. அதன்பின் இனத்தின் பெயரை எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, சதுர அடியை எழுதினால் போதும்.

1971இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 1975இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும் அந்த வட்டாரத்தின் ஏழைகளுக்கான வீட்டுத் தேவையில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாநில அரசமைப்பை வைத்து எழுதப்பட்ட துணிச்சலான தீர்ப்பு. ஆனால் வழக்கை வருமானப் பிரச்சினையாகப் பார்த்தது, இனப் பாகுபாட்டை ஓரத்தில் வைத்தது. கறுப்பின மக்கள் தொடுத்த வழக்கின் தீர்ப்பு அது! பொருளாதார அளவுகோல் நுழையும் இடத்திலெல்லாம் நாம் ஏன் சந்தேகப்படுகிறோம் என்று கேட்பவர்களிடம் இந்தத் தீர்ப்பையும் படிக்கச் சொல்வோம்.

தீர்ப்பு வந்ததும் ஊர் என்ன செய்தது? மொத்த நிலத்தில் கால் சதவீதத்துக்கும் குறைவாக, கட்டத் தோதில்லாத துண்டுகளாகப் பார்த்து ஒதுக்கிவிட்டு, கடமை முடிந்தது என்றது. மறுபடியும் நீதிமன்றம், மறுபடியும் தீர்ப்பு, இம்முறை 1983இல், கடுமையான உத்தரவுகளோடு. 1985இல் மாநில அரசு ஒரு வீட்டுவசதிச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு தந்திரம் இருந்தது: பணக்கார ஊர் தன் பங்கில் பாதி வரை, காசு கொடுத்து வேறோர் ஊரின் தலையில் கட்டிவிடலாம். ஏழைகளை ஏற்காமலிருக்க விலை நிர்ணயித்த இந்த ஏற்பாடு 2008 வரை நீடித்தது.

எதெல் லாரன்ஸ் 1994இல் இறந்தார். அவர் கேட்ட வீடுகளில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. 1997இல், எதிர்ப்பும் கூச்சலுமாக நடந்த விசாரணைக் கூட்டங்களுக்குப் பிறகு, திட்டக்குழு ஒப்புதல் தந்தது. 2000இல் முதல் குடும்பங்கள் குடியேறின, பிறகு வீடுகளின் எண்ணிக்கை 140 ஆனது. குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சொத்து மதிப்பு சரியும், குற்றம் பெருகும், வரி உயரும் என்று அந்தக் கூட்டங்களில் சொல்லப்பட்டவற்றைச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி தலைமையிலான பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து 2013இல் நூலாக வெளியிட்டது. மூன்றுமே நடக்கவில்லை. அக்கம்பக்கத்தில் வசிக்கும் பலருக்கு, அங்கே அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரிந்திருக்கவில்லை.