கவறும் கட்டும்

சிங்கப்பூரில் டோபி காட் என வழங்கும் இடப்பெயருக்குச் சலவைத் துறை என்பது பொருள். 1830-களை ஒட்டிச் சென்னையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர் பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்து, அருகிருந்த புல்வெளியில் உலர்த்தி வந்தனர். ஓடை பின்னர் ஸ்டாம்போர்டு கால்வாய் ஆயிற்று. 1974-இல் பிளாசா சிங்கப்பூரா எழுந்தது. 1987-இல் நிலத்தடியில் தொடர்வண்டி நிலையம் வந்தது. இன்று மூன்று தடங்கள் அங்கே கூடுகின்றன. துறை போயிற்று, பெயர் மட்டும் நிலைத்தது.

அவ்வட்டாரத்துக் கடைகள் சிலவற்றில் மாலை வேளைகளில் இருவர் இருவராக எதிரெதிர் அமர்ந்து சீட்டாடுவோரைக் காணலாம். மேசைமேல் காசு இராது. ஆளுக்கொரு கட்டு இருக்கும். ஒவ்வொரு சீட்டும் உறையிட்டுப் போற்றப்பட்டிருக்கும். ஆயினும் இதனைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் உடனே சொல்லும் சொல் ஒன்றே: சூது. வள்ளுவர் 94-ஆம் அதிகாரத்தில் சூதைக் கடிந்தார். ஆகவே இதுவும் கடியத்தக்கது என்பர். அம்முடிவு இவ்வாட்டத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழைய சீட்டாட்டத்தை நினைவுகொள்வோம். பாபர் 1527-இல் சிந்து நாட்டு அரசருக்குக் கஞ்சிபா என்னும் சீட்டுகளை அனுப்பியதைத் தம் குறிப்பில் எழுதி வைத்தார். மைசூரின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) தாமே பல ஆட்டங்களைப் புனைந்தார். 36 சீட்டு முதல் 360 சீட்டு வரை கொண்ட கட்டுகளை அவர் வகுத்தார். நாம் இன்று அறிந்த 52 சீட்டோ ஐரோப்பியர் கொணர்ந்தது. நம்மவர் வாயில் வழங்கும் ‘கிளாவர்’ டச்சுக்காரர் சொல். மலாய்க்காரரின் ‘கெலாவார்’, ‘செகோபோங்’ ஆகியனவும் அவர்கள் விட்டுச் சென்றவையே. (மலாயில் கெலாவார் என்பது வௌவாலுக்கும் பெயராதலால், அச்சீட்டின் பூ வடிவத்தைக் கண்டு வௌவால் என்று மயங்கும் சிறுவர் மேல் குற்றம் சொல்ல இயலாது.)

இவ்வாட்டங்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கட்டு ஒன்றே, ஆடுவோர் பலர். ஒரு பானைச் சோற்றை எல்லோரும் பகிர்ந்துகொள்வது போல, கலைத்துப் போட்டபடி வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அரசரே வகுத்த கட்டாயினும், ஆட உட்கார்ந்தபின் அதில் அவருக்குத் தனியுரிமை இல்லை.

இம்முறை 1993 ஆகஸ்டில் மாறியது. ரிச்சர்டு கார்பீல்டு என்னும் அமெரிக்கக் கணிதர், பொருள்களை எத்தனை வகையாகச் சேர்க்கலாம் என ஆராயும் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் படைத்த ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் ஆட்டத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்டது. ஏறத்தாழ 300 வகைச் சீட்டுகள் இருந்தன. அவற்றுள் தனக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து, தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வருவது ஆடுபவன் பொறுப்பு. தமிழில் கட்டு என்பது பெயராகவும் வினையாகவும் நிற்பது இங்கே எவ்வளவு வாய்ப்பாக அமைகிறது! பழைய ஆட்டத்தில் அது பெயர் மட்டுமே; புதிய ஆட்டத்தில்தான் வினையும் சேர்ந்தது.

சூது என்பாருக்கு ஒரு சான்று உண்டு, அதனை மறைக்கலாகாது. தொடக்கத்தில் இவ்வாட்டத்தில் பணயம் இருந்தது. ஆட்டத்துக்குமுன் இருவர் கட்டிலிருந்தும் ஒவ்வொரு சீட்டை எடுத்து ஒதுக்கி வைப்பர். வென்றவன் இரண்டையும் தனதாக்கிக் கொள்வான். இது ஐயமின்றிச் சூதே. ஆனால் ஆடியவர்கள் அதனை விரும்பவில்லை. போட்டிகளில் பணயம் விலக்கப்பட்டது. 1995-க்குப் பின் பணயம் பற்றிய சீட்டே புதிதாக அச்சிடப்படவில்லை. ஓர் ஆட்டம் தன்னிடமிருந்த சூதைத் தானே கழித்துக்கொண்ட செய்தி நம் ஆசிரியர்கள் அறியத்தக்கது.

இனிக் கட்டும் முறையைக் காண்போம். தமிழாசிரியருக்கு இது பிறரைக் காட்டிலும் எளிதில் விளங்கும். இவ்வாட்டத்தில் ஆற்றல் பெரும்பாலும் நிலத்திலிருந்தே பிறக்கிறது. நிலங்கள் ஐந்து: மலை, காடு, சமவெளி, தீவு, சதுப்பு. ஒரு முறைக்கு ஒரு நிலச்சீட்டையே கீழே வைக்கலாம். அந்நிலம் தரும் ஆற்றலைக் கொண்டே அந்நிலத்துக்குரிய விலங்கையும் வீரரையும் மந்திரத்தையும் இறக்க வேண்டும். நிலம் முதற்பொருள், அதன்கண் வாழ்வன கருப்பொருள் என்னும் நம் பாகுபாட்டை இது நினைவூட்டவில்லையா? குறிஞ்சியும் முல்லையும் அப்படியே நிற்கின்றன. சமவெளியை மருதம் என்றும் தீவை நெய்தல் என்றும் ஒருவாறு கொள்ளலாம். சதுப்பைப் பாலை என்பது மட்டும் பொருந்தாது. கார்பீல்டு தொல்காப்பியம் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. வேறு வேறு இடத்தில் இருவர் நிலத்தை முதலாக வைத்து எண்ணியிருக்கின்றனர், அவ்வளவே.

ஒப்புமையில் ஒரு முரணும் உண்டு. தொல்காப்பியர் திணை மயங்குதலை விலக்கவில்லை. நிலம் மயங்குதலையே மறுத்தார். இவ்வாட்டத்திலோ நிலமே மயங்குகிறது. அதற்கு விலை கொடுக்க நேர்கிறது. 60 சீட்டில் 24 நிலம் வைப்பது பெருவழக்கு. தொடக்கக் கை 7 சீட்டு. முதலில் ஆடுபவன் நான்காம் முறைக்குள் 10 சீட்டுகளைக் காண்பான். அவற்றுள் சராசரி 4 நிலமாக இருக்கும். முறைக்கொரு நிலம் என்னும் அளவு இப்படித்தான் அமைகிறது. அந்த 24-ஐ மலை 12, காடு 12 எனப் பிரித்தாலோ, ஏறக்குறைய ஐந்து கைக்கு ஒரு கையில் மலையே வாராது. இரு நிலத்து வலிமையையும் விரும்புபவன் இந்த இழப்பை அறிந்தே விரும்ப வேண்டும்.

அளவுக்கு விதியும் வந்தது. தொடக்கத்தில் 40 சீட்டு இருந்தால் போதும். ஒரே சீட்டை எத்தனை படி வேண்டுமாயினும் வைக்கலாம். விளைவை வாசகர் ஊகிக்கலாம்: வலிய சீட்டைக் குவித்தவன் வென்றான். 1994-இல் போட்டிக்கென விதி செய்தனர். கட்டு 60-க்குக் குறையலாகாது. அடிப்படை நிலம் தவிர எச்சீட்டும் நான்கு படிக்கு மிகலாகாது. நான்கு படி வைத்த சீட்டு முதற்கையில் ஒன்றேனும் வர நூற்றுக்கு 40 வாய்ப்பு. அதே நான்கை 80 சீட்டுக் கட்டில் வைத்தால் வாய்ப்பு 31 ஆகச் சுருங்கும். ஆசைப்பட்டு நல்ல சீட்டுகளையெல்லாம் சேர்ப்பவன் தன் கட்டையே நீர்க்கச் செய்கிறான் என்பதைக் கற்பிக்க இவ்விரண்டு எண்கள் போதும். பின்னர் வந்த போக்கிமானும் (1996) 60 சீட்டு, நான்கு படி என்றே அமைந்தது. யூ-கி-ஓ (1999) 40 சீட்டுக்கும் மூன்று படிக்கும் இறங்கியது.

இவ்வெல்லைக்குள் இரு பள்ளிகள் தோன்றின. 1990-களின் நடுவில் கலிபோர்னியாவில் பிரையன் வைஸ்மன் என்பவர் கட்டிய கட்டில் வென்று முடிப்பதற்கென இருந்தவை இரண்டே தேவதைச் சீட்டுகள். மற்றவை எதிரி செய்வதைத் தடுக்கவும் தன் கையில் சீட்டு மிகுதியாக்கவும் அமைந்தவை. எதிரி ஓய்ந்தபின் வெல்வது எப்போதாயினும் ஆகலாம் என்பது அவர் கொள்கை. 1996-இல் அட்லாண்டாவில் பால் ஸ்லை ஆடிய கட்டு இதற்கு நேர் எதிர். ஜே ஷ்னைடர் அதனை வகுத்தார். தனித்தனியே பார்த்தால் அதிலிருந்தவை பெரும்பாலும் எவரும் மதியாத எளிய சீட்டுகள். ஆனால் முதல் முறைக்கு ஒன்று, இரண்டாம் முறைக்கு ஒன்று என, நிலம் தந்த ஆற்றலில் ஒரு துளியும் வீணாகாதபடி வரிசைப்படுத்தியிருந்தார். புறப்பொருள் வெண்பாமாலை கற்றவர் முன்னதை நொச்சி என்றும் பின்னதை உழிஞை என்றும் சொல்லிவிடுவர்: மதில் காப்போன் ஒருவன், மதில் வளைப்போன் ஒருவன். என் மதிப்பில் ஷ்னைடரின் வேலையே அரியது. விலையுயர்ந்த சீட்டால் வெல்வது செல்வரின் வெற்றி. எளிய சீட்டை இடமறிந்து வைத்து வெல்வது கணக்கறிந்தவன் வெற்றி.

போட்டிகள் 1994-இல் மில்வாக்கியில் நடந்த முதல் உலகப் போட்டியிலிருந்து விரைந்து வளர்ந்தன. 2008-இல் நமக்கு அண்மையில், கோலாலம்பூரிலேயே, தொழில்முறைப் போட்டி நடந்தது. ஜான் பிங்கல் வென்றார். அவர் அங்கு வீட்டிலிருந்து கட்டுக் கொண்டுபோகவில்லை. உறை பிரித்துச் சுற்றுக்கு விட்ட சீட்டுகளில் ஒவ்வொன்றாக எடுத்து, இருந்த இடத்திலேயே கட்டிக்கொள்ளும் வகை அது, ஆசுகவி போன்றது.

கட்டிக்கொண்டு போகும் போட்டியில் நம் நெஞ்சில் எழும் ஐயம் ஒன்றுண்டு. பாரதத்தில் சகுனி தன் கவற்றைத் தானே கொண்டுவந்தான், விளைவு நாடறியும். இங்கே இருவரும் தம் தம் கட்டைக் கொண்டுவருகின்றனரே, வஞ்சம் நேராதா? நேராதிருக்கப் பெரிய போட்டிகளில் விதி வகுத்தனர். ஆடுமுன் கட்டிலுள்ள ஒவ்வொரு சீட்டையும் பட்டியலிட்டு நடுவரிடம் கொடுக்க வேண்டும். நான் கலைத்த கட்டை என் எதிரி மீண்டும் கலைப்பான். சீட்டின் உறையில் குறி இருந்தால் தண்டனை. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றால்தான் வெற்றி. முதலாட்டம் முடிந்ததும் 15 சீட்டு கொண்ட புறக்கட்டிலிருந்து, எதிரியைக் கண்டறிந்தபடி மாற்றிக்கொள்ளலாம். தோற்றவனை உடனே வெளியேற்றாமல், ஒத்த வெற்றியுடையோரை அடுத்த சுற்றில் மோதவிடுவர். ஒரு கலைப்பில் வரும் நற்பேறு ஒன்பது சுற்றில் நிற்பதில்லை.

அப்படியாயின் சூது முற்றும் அற்றதோ? இல்லை. அது மேசையை விட்டுக் கடை முகப்புக்குப் போய்விட்டது. மூடிய உறையில் விற்கும் பொதியில் நெடுங்காலம் 15 சீட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றே அரிய வகை. உள்ளிருப்பது இன்னதென்று அறியாமல் காசு கொடுத்துப் பிரித்து, ஏமாந்து, மறுபடியும் வாங்குகிற சிறுவனைத் தடுக்க வேண்டியதுதான். வள்ளுவர் அங்கே வரட்டும். ஆனால் போட்டிக்கு ஆயத்தமாகும் ஆட்டக்காரன் பெரும்பாலும் அப்பொதியை நாடுவதில்லை. 60-உம் 15-உம் ஆகத் தன் பட்டியலைத் தாளில் எழுதி முடித்த பிறகே கடைக்குப் போகிறான். வேண்டிய சீட்டை உதிரியாக, விலை கேட்டு, எண்ணி வாங்கி வருகிறான்.