அழித்து எழுதப்பட்ட ஏடு

"அன்று எழுதியவன் அழித்து எழுதுவானா?"

சாவு விழுந்த வீட்டிலே இந்தச் சொல் ஒலிக்காமல் இருப்பதில்லை. பாலாற்றங்கரைப் பள்ளிகொண்டாவிலும் இதே சொல்; ஆம்பூரிலே தோல் பதனிடும் தொழிலாளர் குடியிருக்கும் தெருவிலும் இதே சொல். கேள்வி போலத் தோன்றுகிறது. உண்மையில் இது கேள்விக்குப் போடப்படும் பூட்டு! ஏன் இறந்தான் என்று கேட்க வாயெடுத்தவன், இதைக் கேட்டதும் வாய்மூடி, பாடைக்கு மூங்கில் தேடப் போய்விடுகிறான்.

அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்கிறோம் நாம். திறவுகோல் வரலாற்றிலே இருக்கிறது. தொழில்வளம் பெற்ற நாடுகள், தம் மக்கள் எதனால் மாண்டனர் என்பதை ஆண்டாண்டாக எழுதி வைத்திருக்கின்றன. அந்த ஏடுகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். அழித்து எழுதப்பட்டிருக்கிறது, தோழர்களே! ஒரு முறையல்ல, நாட்டுக்கு நாடு, தலைமுறைக்குத் தலைமுறை! அழித்து எழுதியவர்கள் விண்ணவர் அல்லர். கணக்கெழுதியவர்கள், குழாய் பதித்தவர்கள், அம்மை குத்தியவர்கள், சட்டம் செய்தவர்கள்.

லண்டன் மாநகரிலே, கொள்ளைநோய் வந்து வந்து போன நாட்களிலே, வாரந்தோறும் சாவுப்பட்டியல் அச்சிட்டு விற்றனர். பிணத்தைப் பார்த்து நோயின் பெயர் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதற்கென அமர்த்தப்பட்ட ஏழை மூதாட்டிகள். பட்டியலை வாங்கியவர்கள், கொள்ளைநோய் ஏறுகிறதா, ஊரைவிட்டு ஓடலாமா என்று பார்த்துவிட்டு வீசியெறிந்தனர். ஜான் கிரான்ட் என்ற துணி வணிகர் வீசியெறியவில்லை. கூட்டினார், வகுத்தார், ஒப்பிட்டார், 1662இல் நூலாக்கினார். பிறந்த 100 குழந்தைகளில் 36 குழந்தைகள் 6 வயதைக் காணுமுன் மடிகின்றன என்று கணக்குக் காட்டினார். சாவுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அதை மனிதன் அறியலாம் என்ற எண்ணம் அங்கே அரும்பிற்று.

அரும்பு மலர 175 ஆண்டுகள் பிடித்தன. 1837 ஜூலையில் இங்கிலாந்து முழுமைக்கும் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது. 1839இல் அந்த அலுவலகத்தில் சேர்ந்தார் வில்லியம் ஃபார். நாற்பது ஆண்டுகள் அங்கேயே அமர்ந்து, நோய்க்கு நோய், ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் சாவை வகைப்படுத்தினார். குமாஸ்தா வேலை என்று எள்ளி நகையாடுவோர் உண்டு. அந்த வேலை எத்தனை உயிர்களுக்கு அரணாயிற்று என்பதற்கு ஒரு சான்று போதும்.

1854. லண்டனிலே வாந்திபேதி. தென்பகுதியில் ஒரே தெருவிலே, அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு நிறுவனங்கள் குடிநீர் விற்றன. ஒன்று, நகரின் கழிவு கலந்த இடத்திலேயே தேம்ஸ் ஆற்று நீரை எடுத்தது. மற்றொன்று, 1852இல் தன் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர், ஃபாரின் ஏட்டிலிருந்து இறந்தவர்களின் முகவரிகளைப் பெற்று, வீடு வீடாகச் சென்று, "உங்கள் வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர்?" என்று கேட்டார். முதல் நிறுவனம் நீர் வழங்கிய வீடுகளில், 10,000 வீடுகளுக்கு 315 சாவுகள். மற்றதன் வீடுகளில் 37. ஒரே ஊர், ஒரே வானம், ஒரே கடவுள். குழாய் மட்டும்தான் வேறு! வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் கோக் கல்கத்தாவிலே உலகறிய எடுத்துக்காட்டியது, இதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல். கிருமியைக் காணுமுன்பே காரணத்தைக் கண்டுவிட்டது கணக்கேடு.

நாட்டுக்கு நாடு ஒப்பிட வேண்டுமானால், நோய்களுக்கு ஒரே பெயர் வேண்டும். ஓரிடத்திலே சயம் என்பதை மற்றோரிடத்திலே இருமல் என்று எழுதினால் ஒப்பிடுவது எங்ஙனம்? பாரிஸ் நகரத்துப் புள்ளியியலார் ஜாக் பெர்த்திய்யோன் வகுத்த சாவுக் காரணப் பட்டியலை, 1893இல் அனைத்துலகப் புள்ளியியல் கழகம் ஏற்றது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1948இல், உலக நலவாழ்வு நிறுவனம் அதைத் தன் பொறுப்பிலே எடுத்துக்கொண்டது. அந்தப் பொதுமொழி பிறந்த பிறகு, ஏடுகள் பேசத் தொடங்கின.

என்ன பேசின?

அமெரிக்கா: 1900இல் அங்கே முதல் மூன்று கொலையாளிகள் நிமோனியா, காசம், வயிற்றுப்போக்கு. பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 47 ஆண்டு. 1950க்குள் அது 68 ஆயிற்று. அந்த மூன்றும் பின்னுக்குப் போக, இதயநோயும் புற்றுநோயும் முன்னிடம் பிடித்தன.

ஜப்பான்: 1950 வரை காசமே முதல் எதிரி. 1951இல் அந்த இடத்தை மூளை இரத்தக்குழாய் நோய் பிடித்தது. பக்கவாதம் என்று நாம் சொல்கிறோமே, அது. அதற்குக் காரணம் தேடியவர்களின் விரல், உப்பிலே ஊறிய உணவைச் சுட்டிற்று. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், இரத்த அழுத்தத்தை ஊர் ஊராகச் சென்று அளந்தார்கள், அதுவும் இறங்கிற்று. 1981 முதல் புற்றுநோய் முதலிடத்தில். ஒரே மக்கள், ஒரே நாடு. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் தலையெழுத்து இருமுறை மாறிற்று!

இங்கிலாந்து: காசநோய்ச் சாவு, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே இறங்கிக்கொண்டு வந்தது. நல்ல உணவே காரணம் என்றார் தாமஸ் மெக்கியோன். சாக்கடையும் குடிநீரும் நகராட்சியும் காரணம் என்று மறுத்தார் சைமன் ஸ்ரீட்டர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வழக்காடும் இருவரும் ஒன்றை ஒப்புகின்றனர்: வாழும் முறை மாறினால் சாகும் முறை மாறும்.

மாற்றம் எப்போதும் ஏற்றமாகவே இருக்கும் என்று எண்ணி ஏமாறக்கூடாது. காசம் இறங்கிய அதே இங்கிலாந்திலே, நுரையீரல் புற்றுநோய் ஏறிற்று. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், குற்றவாளி சிகரெட்டே என்று காட்டினர். ஆண்கள் புகைப்பது குறைந்தது. 1970களுக்குப் பின் ஆண்களின் அந்தச் சாவும் இறங்கிற்று. ரஷ்யாவைப் பாருங்கள்: சோவியத் ஆட்சி சிதறிய பின், வேலையும் ஓய்வூதியமும் நிலைகுலைந்து, மது பெருக்கெடுத்த நாட்களில், ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64 ஆக இருந்தது, 1994இல் 58க்கும் கீழே சரிந்தது. நான்கே ஆண்டுகள்! எமனின் எருமை திடீரென்று வேகம் பிடித்ததா? சமுதாயம் தன் மக்களைக் கைவிட்டது. ஏடு அதைப் பதிவு செய்தது.

இனி நம் ஏட்டுக்கு வருவோம்.

சென்னை மாகாணத்திலே பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இலேயே சட்டம் வந்தது. கிராம முன்சீப்பு எழுதினார். எழுதியது என்ன? பெரும்பாலும் ஒரே சொல்: "காய்ச்சல்." மலேரியாவும் காய்ச்சல், டைபாய்டும் காய்ச்சல், பிள்ளை பெற்றவளின் நச்சுக் காய்ச்சலும் காய்ச்சல்! கொல்லையிலே புகுந்த திருடனுக்கு "ஆள்" என்று பெயர் எழுதினால் காவலர் யாரைத் தேடுவார்?

பெயர் தெரிந்த எதிரியை நாம் வென்றே இருக்கிறோம். பெரியம்மையை "அம்மை விளையாடுகிறாள்" என்றோம்; வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம். ஜென்னர் 1796இல் கண்ட தடுப்புமுறை 1802இல் இந்தியாவுக்கு வந்தது. அம்மை குத்துபவரைக் கண்டு குழந்தைகளை ஒளித்து வைத்தோம். எனினும் ஊர் ஊராக நோயாளியைத் தேடி, சுற்றியிருந்தோருக்கெல்லாம் ஊசி போட்டு முடித்தபோது, 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை ஒழிந்தது. 1980இல் உலகிலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. விளையாடியவள் எங்கே போனாள்?

காசநோய்க்கு ஒரு புதுவழியைச் சென்னையே உலகுக்குக் காட்டிற்று. சயம் வந்தால் மலைக்காற்றும், நல்லுணவும், ஆண்டுக்கணக்கில் ஓய்வும் வேண்டும் என்று செல்வருக்கு ஏற்ற மருத்துவமே அன்று உலகெங்கும் நடந்தது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்து ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மருத்துவமனையிலும், மறு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலே மாத்திரை உண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தனர், வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. சாவடிகளும் மாளிகைகளும் வேண்டாம், மாத்திரை தவறாமல் கிடைத்தால் போதும் என்பது நிலைநாட்டப்பட்டது. இருந்தும் உலகக் காசநோயாளரில் நால்வரில் ஒருவர் இன்றும் இந்தியரே. வழி காட்டிய நாடு வழி நடக்கவில்லை!

பேறுகாலச் சாவைக் கவனியுங்கள். 1890களில் திண்டிவனத்திலே ஓர் இரவு. மூன்று வீட்டு ஆடவர்கள், ஒருவர் பின் ஒருவராக, பேறுகால வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஸ்கட்டர் வீட்டுக் கதவைத் தட்டினர். மருத்துவரான தந்தை வரத் தயார். அயல் ஆடவர் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவரும் மறுத்தனர். மகள் ஐடாவோ மருத்துவம் கற்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அவர்களைக் கொன்றது பேறுகாலமா, வழக்கமா? ஏட்டிலே எதை எழுதுவது? அந்த ஐடா ஸ்கட்டர் மருத்துவம் கற்றுத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டு அரசு, 1990களிலிருந்து, பேறுகாலத்தில் இறந்த ஒவ்வொரு பெண்ணின் சாவையும் "ஏன், எங்கே தாமதம், யார் தவறு?" என்று ஆராயும் முறையைக் கொண்டுவந்தது. விளைவு? 2001–03இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் மாண்ட தமிழ்நாட்டில், 2018–20இல் 54. அனைத்திந்திய அளவு 301இலிருந்து 97. "ஏன்?" என்ற ஒற்றைச் சொல்லின் ஆற்றல் அது!

அந்தச் சொல்லை நாம் கேட்க அஞ்சும் இடம் ஒன்று உண்டு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்திலே, ஒரு லட்சம் மக்களுக்குச் சற்று மேல் வாழும் சிற்றூர்களிலே, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறையினர், நிகழும் ஒவ்வொரு சாவையும் வீடு தேடிச் சென்று விசாரித்துக் காரணம் எழுதினர். 1994 முதல் 1999 வரை, தற்கொலை ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 95. அந்நாளைய அரசுக் கணக்கு, நாடு முழுமைக்கும் காட்டியது ஏறத்தாழ 11! 10 முதல் 19 வயது வரையுள்ளோரின் கணக்கு அதனினும் கொடிது: 1992 முதல் 2001 வரை, சிறுவர்களில் லட்சத்துக்கு 58, சிறுமிகளில் 148. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை இறந்தது இப்படித்தான்.

"தீராத வயிற்றுவலி" என்று நாளேடுகள் எத்தனை ஆண்டுகளாக எழுதின! காவல் நிலையத்துக்கு அஞ்சி, ஊர்வாய்க்கு அஞ்சி, நாம் வயிற்றிலே பழியைப் போட்டோம். படிப்பை நிறுத்தியது, விரும்பாத மணத்துக்குத் தள்ளியது, சாதி பார்த்துக் காதலைத் தடுத்தது, அடித்தது, அடித்ததைச் சொல்ல ஓரிடம் இல்லாமல் செய்தது — இவற்றில் எதுவும் ஏட்டில் ஏறவில்லை. பேச ஆளும் கேட்கச் செவியும் இருந்தால் தடுக்கக்கூடிய சாவுகள் இவை. தடுக்க முடியும் என்பதற்கு அண்டையிலேயே சான்றுண்டு: 1995இல் தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்ற இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது, பத்தே ஆண்டுகளில் அளவு பாதியாயிற்று. ஒரு சட்டம் ஆயிரமாயிரம் நெற்றிகளின் எழுத்தை அழித்தது!

நம் தோல் தொழில் வட்டாரமும் இதே கேள்வியின் முன் நிற்கிறது. 2015 ஜனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டையிலே தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் கழிவிலே மூழ்கி மாண்டனர். "மூச்சுத்திணறல்" என்று ஏடு எழுதி முடித்துவிட்டால் போதுமா? ஃபார் 1850களிலேயே எந்தத் தொழிலாளி எந்த வயதில் எதனால் சாகிறான் என்று கணக்கிட்டார். தோல் ஊறும் தொட்டியிலே முப்பது ஆண்டுகள் நின்றவனின் நுரையீரலும் தோலும் சொல்லும் கதைக்கு அப்படியொரு கணக்கு வேண்டாமா? பள்ளிகொண்டாச் சுங்கச்சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் கணக்குண்டு. இந்தியாவிலே 2020இல் பதிவான இறப்புகளில், மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடுதான். வண்டிக்குள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லை!

இளைஞர்களே! படிப்பகத்திலே கூடும் நாம் செய்யத்தக்க பணி ஒன்று இதோ. சாவு வீட்டுக்குத் தோள் கொடுக்கச் செல்கிறோம். அந்தத் துயரம் ஆறிய சில நாளில் மீண்டும் சென்று, 21 நாட்களுக்குள் பதிவு செய்ய உதவுவோம். மருத்துவம் பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்று கேட்கச் சொல்வோம். அதற்கு 1969ஆம் ஆண்டுச் சட்டமே வழி வகுத்திருக்கிறது. இறந்தவர் செய்த தொழிலை மறக்காமல் எழுதச் சொல்வோம். இறந்தது ஓர் இளம்பெண் என்றால், வம்புக்காக அல்ல, அவள் தங்கைக்காக, "ஏன்?" என்று கேட்போம்.

அழுகையை அடக்கச் சொல்லவில்லை நாம். அழுது முடித்த பின், பேனாவை எடுக்கச் சொல்கிறோம்.