மெய்நிகர் காட்சிகளால் ஏற்படும் தலைச்சுற்றல்

மெய்நிகர் ஹெட்செட் அணிந்திருக்கையில், நீங்கள் நகர்வதாகக் கண்கள் மூளைக்கு உணர்த்துகின்றன. அசையவில்லை என்று உட்செவியின் சமநிலை உறுப்பு உணர்த்துகிறது. இம்முரண்பாடே குமட்டல், வியர்வை, தலைச்சுற்றல், தள்ளாட்டம் ஆகியவற்றுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

தடுக்கும் முறைகள்

• தொடக்கத்தில் 5 முதல் 10 நிமிடங்கள் மட்டும், அமர்ந்தவாறு பயன்படுத்தவும்.
• வில்லைகளின் இடைவெளியைக் கண்களுக்கு ஏற்பச் சரிசெய்யவும்.
• வேகமாகச் சுழலும் காட்சிகளைத் தவிர்க்கவும்.
• முதல் அறிகுறியிலேயே கருவியைக் கழற்றவும். பொறுத்துக்கொண்டு தொடர வேண்டாம்.

கழற்றிய பின்னரும் தள்ளாட்டம் சில மணி நேரம் நீடிக்கலாம். அது முற்றிலும் நீங்கும்வரை இருசக்கர வாகனம் உள்ளிட்ட எந்த வாகனத்தையும் ஓட்டாதீர்கள்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

கருவியைப் பயன்படுத்தாதபோதும் தலைச்சுற்றல் தொடர்ந்தாலோ, செவித்திறன் குறைந்தாலோ காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகவும். தலைச்சுற்றலுடன் பேச்சுக் குழறலோ, கை கால் பலவீனமோ தோன்றினால் தாமதமின்றி அவசர சிகிச்சை பெறவும்.