உருவம் களைந்த உள்ளடக்கம்

உருவமா, உள்ளடக்கமா என்னும் வாதம் ஈழத்து இலக்கிய உலகிற்குப் புதியதன்று. கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுதத் தொடங்கிய காலந்தொட்டு, உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கின்றது என்று ஒரு சாராரும், உருவச் செம்மை இன்றேற் கலையே இல்லை என்று மறு சாராரும் வாதிட்டனர். இன்று அதே வினா, விமரிசகர் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில், பாடசாலை அலுவலகத்துக் கணினித் திரையில், மிக அற்பமான வேலையொன்றின் வடிவில் வந்து நிற்கின்றது. விரிதாளொன்றின் கட்டத்தில் உள்ளதைப் பிறிதொரு விரிதாளுக்குப் படியெடுக்கும்போது, அதன் அலங்காரத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மாத்திரம் கொண்டுசெல்வது எங்ஙனம் என்பதே அவ்வேலை.

செய்முறை எளியது. விரிதாளின் ஒவ்வொரு கட்டமும் இரண்டு அடுக்கு உடையது. கீழடுக்கில் எழுத்தும் எண்ணும் இருக்கும். மேலடுக்கில் எழுத்துருவின் பெயர், பருமன், நிறம், எல்லைக்கோடு முதலியன இருக்கும். வழக்கம்போல் ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே வரும். ஒருவர் மஞ்சளும் மற்றவர் நீலமும் பூசிய பெயர்ப்பட்டியல்களை ஒன்றாக்கினால், புதுப் பட்டியல் திருவிழாப் பந்தல்போற் காட்சியளிக்கும். அதனைத் தவிர்க்க விரும்புவோர், படியெடுத்தபின் ‘சிறப்பு ஒட்டு’ என்னும் பகுதிக்குச் சென்று ‘மதிப்புகள்’ என்பதைத் தெரிந்தாற் போதும். மேலடுக்கு பழைய தாளிலேயே தங்கிவிடும்.

வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றை 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுகூடத்தில் லாரி டெஸ்லர் முதலியோர் வகுத்தனர். பத்திரிகை அலுவலகத்துக் கத்தரிக்கோலும் பசையுமே அச்சொற்களின் தாய். 1979இல் விசிகால்க் என்னும் விரிதாள் வெளிவந்தது. இவற்றை ஆக்கியோரின் உலகில் கீழடுக்கே பொருள். மேலடுக்கு கழற்றி மாட்டத்தக்க சட்டை.

அவ்வெண்ணம் அவர்கள் மொழிக்குங்கூட முழுமையாகப் பொருந்துவதன்று. 2010ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பிறந்த மாணவனின் பிறந்த திகதியை எக்செல் நிரலிலிருந்து ‘மதிப்பு’ மாத்திரம் எடுத்து ஒட்டிப் பாருங்கள். 40179 என்னும் எண் விழும். திகதியை அந்நிரல் நாட்கணக்காகவே சேமிக்கின்றது. ஆண்டும் மாதமும் நாளுமாக அதனைக் காட்டுவது மேலடுக்கின் வேலை. எனினும் இது சிறு இடர். கட்டத்துக்குத் திகதி வடிவத்தை மீண்டும் கொடுத்தாற் சரியாகிவிடும். தமிழுக்கு நேர்ந்தது அத்தகைய சிறு இடரன்று.

வேலணைத் தீவிலே சாட்டி என்னும் சிற்றூர் உண்டு. தன் கடற்கரையாலும், உவர்நிலத்தின் நடுவே சுரக்கும் நன்னீராலும் தீவகத்தார் அனைவரும் அறிந்த ஊர். 1990களிலும் அதன் பின்னரும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய பாமினி எழுத்துருவில் அவ்வூர்ப் பெயரைத் தட்டச்சிட்ட கட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். திரையிற் சாட்டி என்றே தோன்றும். உள்ளடக்கத்தை மாத்திரம் படியெடுத்து ஒட்டினால் எஞ்சுவது யாது? ஆர், எச், எல், அரைப்புள்ளி, பி. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று உருக்குலையும்.

கணினி இங்கே தவறேதும் இழைக்கவில்லை. அது எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்று, 1967இல் ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் சேர்க்கப்பெற்ற ஆஸ்கி அட்டவணையில் இடங்கள் மொத்தம் 128. அவற்றுள் 114ஆம் இடம் சிறிய ஆருக்கு உரியது. தமிழுக்கு அங்கே ஓரிடமும் இல்லை. பெருநிறுவனங்கள் கைகொடுக்குமெனக் காத்திராத தமிழார்வலர், கிடைத்த இடத்திற் குடியேறினர். 114ஆம் எண்ணின்மீது ‘ச’ என்னும் ஓவியத்தைப் போர்த்தினர். கண்ணுக்கு அது தமிழ். கணினியின் கணக்கில் என்றும் ஆர். ஆங்கிலம் கீழடுக்கில் வாழ, தமிழ் முழுவதும் மேலடுக்கில், சட்டையில், வாழ்ந்தது. சட்டையைக் கழற்றியபோது ஆளே மறைந்ததில் வியப்பென்ன?

பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்த முயன்ற ஆசிரியர் இதனை வேறு வழியால் அறிந்திருப்பர். எழுத்துருவை மாற்றாமலே வரிசைப்படுத்தினாலும் கந்தையாவை அடுத்துப் பத்மாவும், பின்னர் தவமலரும், மாலதியும், அவளுக்கும் பின்னே அமுதாவும் நிற்பர். ஏனெனில் அது ஆங்கில நெடுங்கணக்கின் வரிசை. செல்வியும் பெருமாளும் முதலெழுத்தால் அன்றி, எழுத்தின் முன்னுள்ள கொம்பால் ஒன்றுகூடுவர். சொற்செயலிகளின் ஆங்கில இலக்கணப் பற்றோ இன்னும் வேடிக்கை. வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும் அவற்றின் கடமையுணர்வால் ‘அரசு’ என்பது ‘ஆரசு’ ஆகும்.

உள்ளடக்கத்தின் எல்லை எதுவென்னும் சிக்கலைக் கணினிக்கு முன்னரே நம் முன்னோர் கண்டனர். பனையோலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடுவதில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டையும் காட்டுவதில்லை. சொற்களுக்கிடையே வெளி விடுவதுமில்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, ஏட்டில் இருந்ததை இருந்தவாறே அச்சுக்கு மாற்றியிருப்பின் ஒருவரும் படித்திருக்க முடியாது. ஓலையில் இல்லாத புள்ளியும் சொற்பிரிப்பும் நூலின் உள்ளடக்கத்தைச் சேர்ந்தவையே என்பதைப் பதிப்பாசிரியன் தன் புலமையாலே தீர்மானிக்க வேண்டியிருந்தது. படியெடுத்தல் என்பது அவர்களுக்கு வாசித்தலாகவும் இருந்தது. இயந்திரம் வாசிப்பதில்லை, எண்களை நகர்த்துகின்றது.

யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா நாடு சென்று உழைத்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, ஆங்கிலப் பொறியின் குறைந்த விசைகளுக்குள் தமிழை அடக்க வேண்டியவரானார். புள்ளிக்கும் விசிறிக்கும் உருளையை நகர்த்தாத விசைகள் அமைந்தன. ஆனால் தாளில் விழுந்தது தமிழே. தாளை எவர் எங்கு கொண்டுசென்றாலும் அது தமிழாகவே இருந்தது. பாமினி அத்தட்டச்சு மரபின் விசையொழுங்கையே பின்பற்றியது. ய, ள, ன, க, ப என்னும் நடுவரிசை தட்டச்சாளருக்குப் பழகியது. பழகிய விரல் ஏமாறியது, தாளுக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டில்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆயினும் விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளமும் அதன் ‘லதா’ எழுத்துருவும் வரும்வரை சாதாரணப் பயனாளருக்கு அது எட்டாக் கனியே. அவ்விடைவெளியில் திஸ்கி, தாம், தாப் எனக் குறியாக்கங்கள் பெருகின. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் நூல்களை இணைமதியிலும் பின்னர் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலுமாக மீண்டும் மீண்டும் வெளியிட நேர்ந்தது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இலங்கையின் தமிழ்க் குறியீட்டுத் தரம் 2008ஆம் ஆண்டிற்குரியது. பாமினி முதலியவற்றை ஒருங்குறியாக்கும் மாற்றிகளை, புலம்பெயர்ந்த சுரதா யாழ்வாணன் போன்றோர் தம் சொந்த உழைப்பில் ஆக்கித் தந்தனர்.

இதனை எழுத்துரு ஆர்வலரின் பொழுதுபோக்காகக் கருதுவோர் தீவகத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரில் இத்தீவுகளின் மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஒரே வீட்டார் கொழும்பிலும் வன்னியிலும் கனடாவிலுமாகச் சிதறினர். ஊர் கலைந்தபின் ஊரைச் சேர்த்து வைத்திருப்பவை பெயர்ப்பட்டியல்கள்தாம்: பாடசாலைப் பதிவு, சங்க அங்கத்தவர் வரிசை, இறந்தோர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு. கணினிக்கு வந்தபின் இவற்றுட் பல பாமினியிலேயே தட்டச்சிடப்பட்டன. இப்பட்டியல்களைத் தொகுக்க முயலும் மாணவன், நிறத்தைக் களைவதாக எண்ணி ஊரின் பெயரையே களைந்துவிடக் கூடும்.

மாற்றி இருக்கின்றதே எனலாம். மாற்றிக்கு எந்த எழுத்துரு என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரோ மேலடுக்கில் அன்றோ இருந்தது? ஒரே கட்டத்திற் பெயர் தமிழிலும் பட்டம் ஆங்கிலத்திலும் இருப்பின் இடர் இரட்டிக்கும். மேலடுக்கு போனபின் எது ஆங்கிலம், எது ஆங்கில உடையில் எஞ்சிய தமிழ் என்று மாற்றி அறியாது. பட்டத்தையும் பொருளற்ற தமிழாக்கிவிடும். ஆதலின் முதலில் எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, மூலக் கோப்பைத் தனியே காத்து, ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்த்த பின்னரே அலங்காரத்தைக் களைய வேண்டும்.

ஒருங்குறியிற் சகரத்துக்கு 2970 என்னும் தனி எண் உண்டு. சாட்டி என்பது தனக்கே உரிய ஆறு எண்களின் தொடர். மதிப்பை மாத்திரம் ஒட்டினாலும் சாட்டி சாட்டியாகவே விழும். அச்சகங்களின் பழைய வட்டுகளில் அது இன்னும் ஆர், எச், எல், அரைப்புள்ளி, பி ஆகவே கிடக்கின்றது.