டூன் ஈங்கசா

அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயிலில் கிடக்கும் அரன் தீவுகளில் பெரியது இனிஷ்மோர். அத்தீவின் கடலோரத்தில், ஏறத்தாழ 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது டூன் ஈங்கசா என்னும் கற்கோட்டை. ஐரிஷ் மொழியில் ‘டூன்’ என்றால் கோட்டை. ஆங்கில வழக்கில் இதை டன் ஏங்கஸ் என்பர். கடல் பக்கம் மதில் இல்லை. வளைந்து வரும் மதில்கள் பாறை விளிம்பில் சட்டென்று நின்றுவிடுகின்றன, அதற்கப்பால் அட்லாண்டிக்தான்.

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று மதில்களும், நான்காவதன் சிதைவும் சேர்ந்து சுமார் 14 ஏக்கரை வளைக்கின்றன. தீவெங்கும் பாளம் பாளமாகப் பெயரும் சுண்ணாம்புக்கல்லே கட்டுமானப் பொருள். சாந்து கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கியதுதான். உள்மதில் சில இடங்களில் 4 மீட்டர் தடிமனும் 6 மீட்டர் உயரமும் கொண்டது. ஆனால் பார்ப்பவரை அதிகம் திகைக்க வைப்பது மதிலன்று. நடுமதிலுக்கு வெளியே கூரிய கற்களைச் சாய்த்தும் நிமிர்த்தியும் நெருக்கமாக நட்டிருக்கும் அகன்ற பட்டைதான். குனிந்து, காலடி பார்த்து, ஒவ்வொருவராகத்தான் அதைக் கடக்க முடியும். கூட்டமாக ஓடிவந்து தாக்குவது நடக்காது.

கோட்டையைக் கட்டியவன் ஃபிர் போல்க் என்னும் தொல்குடியின் தலைவன் ஈங்கஸ் என்பது மரபுக்கதை. பெயர் அவனுடையதாக இருக்கலாம், கோட்டை ஒருவனுடையதன்று. 1992 முதல் 1995 வரை கிளேர் காட்டர் தலைமையில் நடந்த அகழாய்வு அதைத் தெளிவாக்கியது. கி.மு. 1500 வாக்கிலேயே இங்கே மனித நடமாட்டம் இருந்தது. கி.மு. 1100 அளவில் முதல் அடைப்பு எழுந்தது. கி.மு. 800ஐ ஒட்டி இது ஓங்கி நின்றது. குடிசைத் தளங்கள், அடுப்புகள், வெண்கலக் கருவிகளை வார்த்த களிமண் அச்சுகள், அம்பர் மணிகள் எல்லாம் கிடைத்தன. கடலை நோக்கிய உள்வெளியின் விளிம்பில் மேடைபோல் ஒரு பாறை உயர்ந்து நிற்கிறது. அங்கே சடங்குகள் நடந்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அந்த இடத்தில் நின்றவர்களுக்கு அது நம்பமுடியாததாகத் தோன்றாது. பல நூற்றாண்டுகள் கழித்து, இடைக்காலத் தொடக்கத்தில், மதில்கள் மீண்டும் கட்டி வலுவாக்கப்பட்டன. இன்று நாம் காணும் உருவில் பெரும்பகுதி அந்தக் கைகளின் வேலை.

1684இல் ராடரிக் ஓ’ஃபிளாகர்ட்டி தம் நாட்டு வருணனையில் இதைக் குறித்தபோது, உள்ளே 200 பசுக்களை அடைக்கலாம் என்று அளவு சொன்னார். மாடு வளர்க்கும் மண்ணுக்கு அதைவிடத் தெளிவான அளவு வேறில்லை. 1839இல் நில அளவைப் பணிக்காக வந்த ஜான் ஓ’டோனவன் விரிவாக எழுதிவைத்தார். 1857இல் ஆஸ்கார் வைல்டின் தந்தையான மருத்துவர் வில்லியம் வைல்ட் அறிஞர் குழுவொன்றை அழைத்துவந்தார். கோட்டைக்குள்ளேயே விருந்து நடந்தது. முயல் பிடிப்பதற்காக மதிற்கற்களைப் பெயர்க்க வேண்டாம் என்று தீவு மக்களிடம் அவர் அங்கே வேண்டிக்கொண்டார். 1880களில் அரசு பொதுப்பணித் துறை மதில்களைச் செப்பனிட்டு, உதைசுவர்களும் கட்டியது.

உள்வெளி ஒருகாலத்தில் முழு வட்டமாக இருந்து, பாதி கடலில் சரிந்தது என்று முன்னர் பலர் நம்பினர். அது எப்படியானாலும், கோட்டை கட்டியவர்கள் நாளில் விளிம்பு இன்னும் தள்ளியே இருந்தது. அலைகள் அடிப்பாறையை அரித்துக்கொண்டே வருகின்றன. கில்மர்வி ஊரிலிருந்து கரடுமுரடான பாதையில் ஏறி வருவோர், தடுப்பு ஏதுமில்லாத அந்த விளிம்பில் குப்புறப் படுத்துத்தான் கீழே எட்டிப் பார்க்கிறார்கள்.