தொலைபேசிக் கம்பி முதல் கடவுச்சொல் வரை: பெங்களூரில் மருத்துவத் தகவல் கடந்து வந்த பாதை

1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூருக்குள் பிளேக் நோய் நுழைந்தது. அது வந்தது ரயில் வழியே. இன்று ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் என்று அறியப்படும், தமிழர் பெருமளவில் வாழும் குடியிருப்புகள் அந்த இருப்புப் பாதைகளை ஒட்டியே அமைந்திருக்கின்றன. அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 3,500 பேர் அந்நோய்க்குப் பலியாயினர். நெரிசலிலிருந்து மக்களை வெளியேற்ற மல்லேஸ்வரம், பசவனகுடி என்னும் புதிய விரிவாக்கங்கள் எழுந்தன. சுகாதார அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். நிர்வாக வசதிக்காக நகரம் நான்கு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. 1897இல் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா மருத்துவமனையை 1900இல் கர்சன் பிரபு திறந்து வைத்தார்.

நகரமைப்பின் வரலாறாகவே பெரும்பாலும் சொல்லப்படும் இந்நிகழ்வில், அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. பிளேக் தடுப்புப் பணிகளை ஒருங்கிணைக்கவே அப்போது நகரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. எந்தத் தெருவில் புதிய நோயாளி, எந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும், எந்த முகாமில் இடமிருக்கிறது என்பன போன்ற செய்திகள் களப்பணியாளருக்கு உடனுக்குடன் எட்டியாக வேண்டும். மருத்துவப் பணியாளருக்குத் தகவல் தாமதமானால் உயிர் போகும் என்பதை நகர நிர்வாகம் ஒரு கொள்ளைநோயின் வாயிலாகக் கற்றுக்கொண்டது. பின்வந்த நூறாண்டுகளில் பெங்களூரின் மருத்துவ நூலகங்கள் கடந்துவந்த பாதை இப்பாடத்தின் நீட்சியே. ஆனால் அப்பாடம் முழுமையாக நினைவில் வைக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

கம்பி வழியே வரும் செய்தி ஒருவகைத் தகவல். மருத்துவ ஆய்வுகளில் சேர்ந்திருக்கும் அறிவு மற்றொரு வகை. பிந்தையதைத் தேடி எடுக்கும் கருவி அமெரிக்காவில் உருவானது. இராணுவ மருத்துவரும் நூலகருமான ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்னும் அட்டவணை இதழைத் தொடங்கினார். உலகின் மருத்துவ இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்துத் தந்தது அது. பில்லிங்ஸின் பணியிலிருந்து வளர்ந்த அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1964இல் அப்பணியைக் கணினிக்கு மாற்றியது. ‘மெட்லார்ஸ்’ எனப்பட்ட அத்திட்டத்தின் தொடர்ச்சியாக 1971இல் ‘மெட்லைன்’ வந்தது. 1997இல் ‘பப்மெட்’ என்ற பெயரில் அது இணையத்தில் இலவசமாக எவருக்கும் திறந்துவிடப்பட்டது.

இதே காலத்தில் பெங்களூரில் மருத்துவக் கல்வி விரிவடைந்துகொண்டிருந்தது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கப்பட்டது. 1974இல் அது நிம்ஹான்ஸ் ஆயிற்று. 1955இல் பெங்களூர் மருத்துவக் கல்லூரியும் 1963இல் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூலகம், தனித்தனிச் சந்தா. வெளிநாட்டு ஆய்விதழ்கள் கப்பலில் வந்து சேர மாதங்களாகும். ஒரு கல்லூரியில் உள்ள இதழ் அடுத்த கல்லூரியில் இராது.

நூலகவியலைப் பொறுத்தவரை அந்நகரம் அன்று பின்தங்கியிருக்கவில்லை. சீர்காழிப் பகுதியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1957இல் பெங்களூரில் குடியேறினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அங்கமாக ஆவணவாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை 1962இல் அங்கே நிறுவினார். 1972இல் அந்நகரிலேயே மறைந்தார். 1931இல் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை வீணாக்காமை பற்றியது. மற்றொன்று ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பது பற்றியது. மருத்துவப் பணியாளருக்கு இவ்விரண்டும் அறிவுரையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்கு ஒரு மருந்தின் அளவு குறித்த ஐயம் எழுமாயின், விடை மறுநாள் கிடைப்பதால் பயனில்லை.

இந்தியாவில் மெட்லார்ஸ் சேவை 1986இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் இணைந்து தில்லியில் அதற்கென ஒரு மையத்தை அமைத்தன. வெளிநாட்டு அட்டவணைகளில் இடம்பெறாத இந்திய மருத்துவ இதழ்களுக்காக ‘இண்ட்மெட்’ என்ற தரவுத்தளத்தையும் அம்மையம் உருவாக்கியது. ஆயினும் அட்டவணை தந்தது கட்டுரையின் பெயரையும் சுருக்கத்தையும் மட்டுமே. முழுக் கட்டுரை பதிப்பகத்தின் பூட்டுக்குள் இருந்தது. இதழ்களின் விலையோ ஆண்டுதோறும் ஏறியது. இன்னின்ன அறிவு இருக்கிறது என்று தெரியும், அதனைப் படிக்க இயலாது என்னும் விசித்திர நிலை உருவாயிற்று.

இந்நிலைக்குக் கர்நாடகம் கண்ட விடையே ‘ஹெலிநெட்’. மாநிலத்தின் மருத்துவ, பல்மருத்துவ, செவிலியர், மருந்தியல், ஆயுர்வேதக் கல்லூரிகளை ஒரே குடைக்குள் கொண்டுவரும் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 1996இல் பெங்களூரில் செயல்படத் தொடங்கியது. அதன் முன்முயற்சியில் 2003இல் ஹெலிநெட் என்னும் மின்னூலகக் கூட்டமைப்பு பிறந்தது. அதன் தத்துவம் எளியது. ஒவ்வொரு கல்லூரியும் தனியே சந்தா கட்டுவதற்குப் பதிலாக, அனைத்தும் பங்குத்தொகை செலுத்தும். பல்கலைக்கழகம் பதிப்பகங்களுடன் ஒரே பேரம் பேசும். வாங்கிய இதழ்கள் உறுப்பினர் கல்லூரிகள் அனைத்திலும் கணினித் திரையில் திறக்கும். பெங்களூரின் பெரிய கல்லூரியில் கிடைக்கும் அதே இதழ், மாவட்டத்துச் சிறிய கல்லூரி மாணவருக்கும் அதே நாளில் கிடைக்க வழி பிறந்தது. நூற்றாண்டுக் கால ஏற்றத்தாழ்வு ஒன்று இதனால் குறைந்தது என்பதை மறுக்கவியலாது.

ஆனால் இத்தகைய மின்னூலகங்களில் கதவின் தன்மை மாறியது, கதவு மறையவில்லை. பயனர் உள்ளவரா அல்லரா என்பதைக் கணினியின் ஐபி முகவரியே தீர்மானித்தது. கல்லூரி வளாகத்தின் முகவரியிலிருந்து கேட்டால் இதழ் திறக்கும். தெருவைக் கடந்து சென்று கேட்டால் திறக்காது. பின்னாளில் வீட்டிலிருந்தே நுழையும் கடவுச்சொல் முறைகள் வந்தன. எனினும் அக்கடவுச்சொல் உறுப்பினர் கல்லூரியின் மாணவர், ஆசிரியர் என்ற அடையாளத்தைச் சார்ந்தது. படிக்கும்போது நான்காண்டுகள் அனைத்தையும் வாசிக்க முடிந்த செவிலியர், பட்டம் பெற்று ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சிறு தனியார் மருத்துவமனையிலோ பணியில் சேரும் நாளில் அவ்வுரிமையை இழக்கிறார். நோயாளியின் பொறுப்பு அவர் கைக்கு வரும் வேளையில் நூலகம் அவர் கையைவிட்டுப் போகிறது.

பிரிட்டனில் இதே காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு வேறானது. அந்நாட்டுத் தேசிய சுகாதாரச் சேவை 1998இல் வெளியிட்ட தகவல் உத்தியில் தேசிய மின்னூலகம் ஒன்றை அறிவித்தது. அங்கே நுழைவுரிமை பணியைச் சார்ந்தது: சுகாதாரச் சேவையில் பணிபுரிபவர் என்பதே தகுதி. உலக சுகாதார நிறுவனம் ஆறு பெரும் பதிப்பகங்களுடன் சேர்ந்து 2002 ஜனவரியில் தொடங்கிய ‘ஹினாரி’ திட்டம், ஏழை நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கு இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அளித்தது. இந்தியா அதில் சேர்க்கப்படவில்லை. இந்தியச் சந்தையின் வருவாயை இழக்கப் பதிப்பகங்கள் விரும்பவில்லை.

இந்தியாவில் விதிவிலக்காக அமைந்த நிகழ்வு 2007இல் நேர்ந்தது. மருத்துவச் சான்றுகளை ஒப்புநோக்கித் தொகுக்கும் ‘காக்ரேன்’ நூலகத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுமைக்குமாகச் சந்தா செலுத்தியது. கல்லூரி, வளாகம், பதவி எதுவும் கேட்கப்படவில்லை; இந்தியாவில் இணைய இணைப்பு இருந்தால் போதும். பின்வந்த பெருந்திட்டங்கள் அவ்வழியில் செல்லவில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் மதிப்புடையது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என அதன் அளவு பெரிது. ஆனால் அந்நிறுவனங்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுமே. தனியார் கல்லூரிகளும், வார்டுதோறும் நிறுவப்பட்ட ‘நம்ம கிளினிக்’ போன்ற மருந்தகங்களின் பணியாளரும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர்.

கதவு திறந்திருந்தாலும் கடக்கவேண்டிய மற்றொரு படி மொழி. ஒக்கலிபுரத்து நோயாளி ‘மூச்சு வாங்குது’ என்று தமிழில் சொல்வார். அடுத்தவர் கன்னடத்தில் சொல்வார். மற்றொருவர் தக்கினி உருதுவில் சொல்வார். நூலகம் அறிந்ததோ ‘டிஸ்ப்னியா’ என்னும் சொல். செவிலியர் நோயாளியின் சொல்லை ஆங்கிலத் தலைப்பாக மாற்றித் தேடி, கிடைத்த விடையை மீண்டும் நோயாளியின் மொழிக்குக் கொண்டுவர வேண்டும். 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். எந்தக் கூட்டமைப்பின் சந்தாவும் இச்சுமையைக் கணக்கில் கொள்வதில்லை.

2020இல் கொரோனா பரவியபோது பெரும் பதிப்பகங்கள் அந்நோய் குறித்த கட்டுரைகளை எவரும் படிக்குமாறு திறந்துவிட்டன. பூட்டு இயற்கையின் நியதி அன்று, மனிதர் எடுத்த முடிவு என்பது அப்போது தெளிவாயிற்று. 1898இல் கம்பி இழுக்கப்பட்டதும் 2020இல் பூட்டு திறக்கப்பட்டதும் ஒரே காரணத்தால்: நோய் அனைவரையும் அச்சுறுத்தியது. சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் பேறுகாலச் சிக்கலுக்கும் அந்த அவசரம் வாய்ப்பதில்லை. அவை ஒவ்வொரு வீடாக, ஓசையின்றி வருகின்றன. அவற்றை முதலில் எதிர்கொள்பவர் வார்டு மருந்தகத்தின் செவிலியர். மருத்துவ நூலகங்கள் இன்றுவரை தம் வாசகராகக் கணக்கிடாதவரும் அவரே.