சின்ன வயதில் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது?

முப்பது, நாற்பது வயதில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்னால், எங்கள் வீடுகளில் உடனே ஒரு கேள்வி வரும்: "சின்ன வயசில நல்லாத்தானே இருந்தவன், இப்ப என்ன புதுசா?" இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 8 பேர் ஆண்கள், 3 பேர் பெண்கள். தங்கள் உலகத்துக்குள்ளேயே இருக்கும் சின்னப் பிள்ளைகள் என்ற அந்தப் படம்தான் பல வருடங்களுக்கு ஓட்டிசம் என்றால் எல்லோர் மனதிலும் வந்தது.

வேறு படங்களும் இருந்தன. 1920களிலேயே மொஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் வைத்தியர் ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கவனித்து எழுதியிருந்தார். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர், நன்றாகப் பேசினாலும் மற்றவர்களோடு பழகச் சிரமப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதினார். ஆங்கிலம் பேசும் உலகம் இரண்டையும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1980இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின்படி, அறிகுறிகள் 30 மாத வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், பேச்சு வளர்ச்சியிலும் பெரிய குறை இருக்க வேண்டும். நன்றாகப் பேசி, நல்ல புள்ளி எடுத்த பிள்ளைக்கு அதில் இடமே இல்லை.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் லண்டனைச் சேர்ந்த மனநல வைத்தியர் லோர்னா விங். அவருடைய மகளுக்கும் ஓட்டிசம். ஜுடித் கூல்டோடு சேர்ந்து தென் லண்டனின் கம்பர்வெல் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1979இல் முடிவுகளை வெளியிட்டார். கனரின் படத்துக்குள் அடங்காத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். 1981இல் அஸ்பெர்கரின் வேலையை ஆங்கில வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1994இல் அமெரிக்கக் கையேடு அதைச் சேர்த்துக்கொண்டது.

இப்போது கணக்குப் பாருங்கள். 1975இல் பிறந்தவருக்கு 1994இல் வயது 19. பாடசாலை முடிந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இவர்களைத் 'தொலைந்த தலைமுறை' என்கிறார்கள். 1961இல் பிறந்த ஸ்கொட்லாந்துப் பாடகி சூசன் பொயிலுக்கு, பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டது என்று சொல்லியிருந்தார்கள். தனக்கு இருப்பது அஸ்பெர்கர் என்று தெரிந்ததை அவர் 2013இல்தான் வெளியே சொன்னார்.

அதே 2013இல் கையேடு மறுபடியும் மாறியது. எல்லாம் ஓட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் வந்தன. அதோடு ஒரு முக்கியமான விளக்கமும் சேர்ந்தது: அறிகுறிகள் சின்ன வயதிலேயே தொடங்கும், ஆனால் வாழ்க்கையின் பாரம் கூடும்வரை முழுதாகத் தெரியாமல் இருக்கலாம். பழகிக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம். இங்கிலாந்தில் 2009இல் வந்த ஓட்டிசம் சட்டம், பெரியவர்களுக்கென்றே அரசாங்கம் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றது.

எங்கள் குடும்பங்களில் இன்னொரு திரையும் இருந்தது. அமைதியாக ஒதுங்கி நின்ற பிள்ளையைப் பார்த்து, "புது நாடு, புது மொழி, கூச்சம்" என்று சொல்வது சுலபம். சில நேரம் அது உண்மை. சில நேரம் அதற்குப் பின்னால் வேறொன்று இருந்தது.

ஆகவே உங்கள் அக்காவோ மச்சானோ இப்படி ஒரு செய்தி சொன்னால், வீட்டுப் பெரியவர்களின் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லலாம்: "அது அப்பவும் இருந்தது அம்மம்மா. அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அப்ப குறைவு."